மீனின் கண் வீங்கினால் மருந்தா முதலில்?

கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் என்றாவது ஒரு நாள் காலையில் காணக்கூடிய காட்சி இது. நேற்றுவரை நன்றாக நீந்திக்கொண்டிருந்த மீனின் கண், பட்டாணியை ஒட்டவைத்தாற்போல வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. அல்லது கண்ணின்மேல் பால் தெளித்தாற்போல ஒரு வெண்மை. உடனே என்ன செய்கிறோம்? கடைக்கு ஓடுகிறோம். கடைக்காரர் ஒரு கண்ணா, இரண்டு கண்ணா என்றுகூடக் கேட்பதில்லை. மஞ்சள் தூள் ஒன்றையோ நீலத் திரவம் ஒன்றையோ எடுத்துக் கொடுக்கிறார். நாமும் அதைத் தொட்டியில் கொட்டிவிட்டுக் காத்திருக்கிறோம்.

இந்த வழக்கம் தவறு என்பது என் கருத்து. நான் இயற்பியல் கற்பிப்பவன். மீன் மருத்துவன் அல்லன். ஆயினும் இதைப் பற்றிப் பேச எனக்குச் சிறிது உரிமை உண்டு என்று நினைக்கிறேன். ஏனெனில் தொட்டி மீனின் கண்ணுக்கு வரும் கோளாறுகளில் பல, நுண்ணுயிரைக் காட்டிலும் அழுத்தம், கரைதிறன், ஒளிவிலகல் முதலியவற்றோடு நெருங்கிய உறவு உடையவை. கண் வீக்கம் என்பது ஒரு நோயின் பெயரே அன்று. காய்ச்சலைப் போல அது ஓர் அறிகுறி. காய்ச்சல் எதனால் வந்தது என்று பாராமல் மருந்து கொடுப்பவரை நாம் நல்ல மருத்துவர் என்று சொல்வோமா?

முதலில் செய்யவேண்டிய வேலைக்குக் காசே தேவையில்லை. எண்ண வேண்டும், அவ்வளவுதான். வீங்கியிருப்பது ஒரு கண்ணா, இரு கண்களுமா? ஒரே மீனுக்கா, பல மீன்களுக்கா?

இந்த எண்ணிக்கையில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒரு மீன் பாறையில் மோதியோ மற்றொரு மீனிடம் கடிபட்டோ ஒரு கண்ணில் காயமடையும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். (பேச்சுக்காக எடுத்துக்கொண்ட எண்தான், யாரும் அளந்து சொன்னதன்று.) அதே சமயத்தில் மற்றக் கண்ணிலும் தனியாக ஒரு காயம் படும் வாய்ப்பு எவ்வளவு? நூற்றில் ஒன்றின் நூற்றில் ஒன்று. அதாவது பதினாயிரத்தில் ஒன்று! ஆகவே இரு கண்களும் ஒரே வாரத்தில் வீங்கினால், அது தற்செயலான மோதல் அன்று, இரண்டுக்கும் பொதுவான காரணம் ஒன்று உள்ளே இருக்கிறது என்று ஊகிக்கலாம். உடல் முழுதும் பரவிய பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். சிறுநீரகக் கோளாறாக இருக்கலாம். தொட்டியில் உள்ள பல மீன்களுக்கும் ஒரே நாளில் கண் வீங்கினால், பொதுக் காரணத்தை மீனுக்குள் தேடுவதைவிட நீருக்குள் தேடுவதே முறை. எண்ணிக்கை தருவது சாட்சியம்தான், தீர்ப்பு அன்று. தொற்று ஒரு கண்ணிலும் தொடங்கக்கூடும். ஆனால் சாட்சியே கேளாமல் தீர்ப்பு எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல் அல்லவா?

நீருக்குள் தேடச் சொன்னேன். எதைத் தேடுவது? இங்கேதான் எனக்குப் பிடித்தமான பகுதி வருகிறது.

வாயுக்களின் அழுத்தத்துக்கும் பருமனுக்கும் உள்ள தொடர்பை விதியாகச் சொன்ன ராபர்ட் பாயிலை நீங்கள் பாடப் புத்தகத்தில் சந்தித்திருப்பீர்கள். அவர் தம் காற்றுப் பம்பின் கண்ணாடிக் கலத்துக்குள் பல உயிரினங்களை வைத்துக் காற்றை வெளியேற்றிப் பார்த்தவர். இன்று நம் மனம் ஒப்பாத சோதனைகள் அவை. 1670ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட குறிப்புகளில் ஒரு விரியன் பாம்பின் கதை வருகிறது. கலத்தில் அழுத்தம் குறைந்தபோது அப்பாம்பின் கண்ணில் உள்ள நீர்மத்தில் ஒரு குமிழி தோன்றி இங்குமங்கும் அசைந்ததை அவர் கண்டார். வெளியிலிருந்து எதுவும் கண்ணுக்குள் புகவில்லை. உடல் நீர்மங்களில் கரைந்திருந்த வாயுதான் அழுத்தம் குறைந்ததும் குமிழியாகத் திரண்டது. கோலி சோடாவின் கோலியை உள்ளே தள்ளியதும் நுரைத்துக்கொண்டு வருகிறதே, அதே கதைதான்.

ஆழ்கடலில் தூண்டில் போடும் நம் மீனவர்களுக்கு இதன் உறவுக்கார நிகழ்ச்சி ஒன்று நன்றாகத் தெரியும். 30 மீட்டர் ஆழத்தில் கடிக்கும் கலவா மீனை விரைவாக மேலே இழுத்தால் அது வயிறு உப்பிக் கண் பிதுங்கி வரும். அந்த ஆழத்தில் அழுத்தம் ஏறத்தாழ 4 வளிமண்டலம், மேற்பரப்பில் ஒன்று. மீனின் காற்றுப்பையில் உள்ள வாயு பாயில் விதிப்படி நான்கு மடங்கு விரியப் பார்க்கிறது. விரிந்தால் போவதற்கு இடம் வேண்டுமே! கண்குழியின் தளர்ந்த திசு வழிவிடுகிறது.

வீட்டுத் தொட்டியில் ஏது 30 மீட்டர் ஆழம் என்று நீங்கள் கேட்கலாம். ஆழம் இல்லைதான், ஆனால் பம்பு இருக்கிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உட்ஸ் ஹோல் என்ற ஊரில் புகழ்பெற்ற கடலாய்வு நிலையம் உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்த தொட்டிகளில் மீன்கள் கண் பிதுங்கியும், துடுப்புகளில் குமிழி கட்டியும் மடிந்தன. மார்ஷ், கோரம் என்ற இருவர் இதை ஆராய்ந்து 1905இல் அறிக்கை வெளியிட்டனர். குற்றவாளி நுண்ணுயிரன்று. கடல் நீரை இழுக்கும் பம்பின் உறிஞ்சு குழாயில் கசிவு இருந்தது. அதன் வழியே காற்று உள்ளே புகுந்து, பம்பின் அழுத்தத்தில் நீரில் கரைந்துவிட்டது. வாயு நீரில் கரையும் அளவு அதன்மேல் உள்ள அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது 1803இல் வில்லியம் ஹென்றி கண்ட விதி. பம்பு இரண்டு மீட்டர் உயரத்துக்கு நீரைத் தள்ளுகிறது என்றால் அடிக்குழாயில் அழுத்தம் வளிமண்டலத்தைவிட ஏறக்குறைய 20 விழுக்காடு அதிகம். அங்கே காற்றுக் குமிழி இருந்தால் 20 விழுக்காடு வரை மிகையாகக் கரைய வழியுண்டு. அந்த நீர் தொட்டிக்குள் வந்து மீனின் செவுள் வழியே இரத்தத்தோடு சமநிலை அடைகிறது. இப்போது மீனே ஒரு சோடாப் புட்டி!

காற்றுக்கல்லிலிருந்து புசுபுசுவென்று கிளம்பும் குமிழிகளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். திறந்த தொட்டியில் வளிமண்டல அழுத்தத்துக்கு மிக நெருக்கமான நிலையில் எழும் அந்தக் குமிழிகள் மிகை வாயுவை நீரிலிருந்து வெளியேற்றவே உதவும். தீங்கு செய்வது மூடிய குழாய்க்குள் அழுத்தத்தோடு கரையும் காற்று. குளிர்ந்த நீரை மூடிய குழாயிலேயே சூடாக்கித் தொட்டிக்குள் விட்டாலும் இதே விளைவுதான். 20 டிகிரி செல்சியஸ் கடல் நீர் லிட்டருக்குச் சுமார் 7.4 மி.கி. ஆக்சிஜனைத் தாங்கும்; 28 டிகிரியில் சுமார் 6.4 மி.கி.தான் தாங்கும். மிச்சம் எங்கே போகும்? நைட்ரஜனும் இவ்வாறே. மீன் ஆக்சிஜனைப் பயன்படுத்திக்கொள்ளும். நைட்ரஜனை என்ன செய்யும்? ஆகவே தொல்லை தருவதில் நைட்ரஜனுக்கே பெரும் பங்கு.

ஆற்றிலோ கடலிலோ இருக்கும் மீனுக்கு ஒரு தப்பும் வழி உண்டு. கீழே போனால் போதும். ஒவ்வொரு மீட்டர் ஆழமும் ஏறத்தாழ 10 விழுக்காடு மிகை வாயுவைக் கரைந்த நிலையிலேயே அடக்கி வைக்கும். 1968இல் அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் ஜான் டே அணையின் கீழே நீரில் மிகைவாயு ஏறிச் சாமன் மீன்கள் மடிந்தபோது, ஆழத்தில் இருந்தவற்றுக்கு ஓரளவு பாதுகாப்பு இருந்தது. நம் தொட்டியின் ஆழமோ அரை மீட்டர். அடியில் போய் ஒண்டிக்கொண்டாலும் 5 விழுக்காடுதான் ஆதாயம். தப்புவதற்கு இடமில்லாத மீனுக்கு நாம்தான் வழிசெய்ய வேண்டும். எந்தப் புட்டி மருந்தும் குழாய்க் கசிவை அடைக்காது!

கசிவைக் கண்டுபிடிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நீரைத் தள்ளும் பக்கத்து மூட்டு தளர்ந்தால் நீர் சொட்டும், பார்த்தவுடன் தெரியும். உறிஞ்சும் பக்கத்து மூட்டு தளர்ந்தால் ஒரு சொட்டும் சிந்தாது. அது காற்றைக் குடிக்கும். பம்பு ஓடும்போது ஒவ்வொரு மூட்டின்மேலும் தொட்டி நீரையே கொஞ்சம் ஊற்றிப் பாருங்கள். தொட்டிக்குள் வரும் மூடுபனி போன்ற நுண்குமிழிகள் சட்டென்று நின்றால் கள்வன் அகப்பட்டான்.

சரி, உடம்பில் எத்தனையோ உறுப்புகள் இருக்கக் கண் ஏன் இப்படி அடிக்கடி அகப்பட்டுக்கொள்கிறது? பெரும்பாலான எலும்பு மீன்களின் விழித்திரைக்குள் இரத்தக் குழாய்கள் இல்லை. ஒளி தடையின்றி விழ அது வசதிதான்; ஆனால் விழித்திரை ஆக்சிஜனை மிகுதியாகச் செலவிடும் திசு. இதற்கு இயற்கை செய்த ஏற்பாடு வியக்கத்தக்கது. கண்ணின் பின்புறம் மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் நெருக்கமாக அடுக்கப்பட்ட ஒரு வலை இருக்கிறது. போகும் இரத்தமும் வரும் இரத்தமும் எதிரெதிர்த் திசையில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடுகின்றன. உடற்கூற்று அறிஞர்கள் இதற்கு வைத்த இலத்தீன் பெயரின் பொருளே 'அற்புத வலை' என்பதுதான். மீனின் இரத்தத்தில் அமிலத்தன்மை சற்றுக் கூடினால் ஹீமோகுளோபின் தான் பிடித்திருக்கும் ஆக்சிஜனைக் கைவிட்டுவிடும். இதை 1931இல் ரூட் என்பவர் விளக்கினார். இந்த இரண்டும் சேர்ந்து கண்ணின் பின்னே ஆக்சிஜனைக் குவித்துவிடுகின்றன. சில மீன்களில் அங்குள்ள ஆக்சிஜனின் அழுத்தம், வளிமண்டலத்தின் மொத்த அழுத்தத்தையே மிஞ்சுகிறது என்பதை விட்டன்பர்க் தம்பதியர் 1962 முதல் வெளியிட்ட ஆய்வுகளில் காட்டினார்கள். ஏற்கனவே வாயு நிறைந்து ததும்பும் இடம். மிகை வாயு சிறிதே வந்தாலும் வழிந்துவிடாதா?

இதை அறிந்ததால் வந்த ஒரு மருத்துவமும் உண்டு. மனிதரின் கண் அழுத்த நோய்க்குக் கொடுக்கும் அசெட்டசோலமைடு, இரத்தம் அமிலமாகும் வேலைக்குத் துணைநிற்கும் நொதியைத் தடுக்கிறது. வெளிநாட்டு மீன் காட்சிசாலைகளில் வாயுக் குமிழி நோய் கண்ட கடல் குதிரைகளுக்கு மருத்துவர்கள் இதைக் கொடுக்கிறார்கள். (நம் நாட்டில் கடல் குதிரை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. விற்க வருபவரிடம் வாங்காதீர்கள்.) காரணம் தெரிந்தபின் வந்த மருந்துக்கும் கடைக்காரரின் நீலத் திரவத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றலாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர் செய்யலாம், நீங்கள் செய்யக்கூடாது.

இனி வெண்மை படரும் கண்ணுக்கு வருவோம். இங்கே ஒரு கைவிளக்கே பரிசோதனைச் சாதனம். பகலில், அறை வெளிச்சமாக இருக்கும்போது, பக்கவாட்டிலிருந்து ஒளியைக் காட்டுங்கள். இருட்டில் திடீரென்று அடித்தால் மீன் மிரண்டு பாறையில் மோதும். அப்புறம் இன்னொரு கண்ணுக்கும் வைத்தியம் பார்க்க வேண்டியதாகிவிடும். வெண்மை கண்ணின் வெளிக்கூரையில், கடிகாரக் கண்ணாடிமேல் புகை படிந்தாற்போல் இருக்கிறதா? அல்லது பாவைக்குள்ளே உருண்டையாகத் தெரிகிறதா? முன்னது கார்னியாவின் கோளாறு. பின்னது லென்ஸின் கோளாறு, அதாவது கண்புரை.

மீனைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு மிக முக்கியம். நம் கண்ணில் ஒளியைக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கைக் கார்னியா செய்கிறது. காற்றின் ஒளிவிலகல் எண் 1, கார்னியாவினுடையது 1.376, வேறுபாடு பெரிது. கடல் நீரின் எண் 1.34. ஆகவே நீருக்குள் கார்னியா ஏறக்குறைய சும்மா இருக்கிறது. குளத்தில் மூழ்கிக் கண்ணைத் திறந்தால் எல்லாம் கலங்கலாகத் தெரிவது இதனால்தான். மீனுக்கு எல்லாப் பொறுப்பும் கோள வடிவ லென்ஸின் தலையில். கார்னியா பழுதானால் மீன் மூடுபனிக்குள் பார்ப்பதுபோல் பார்க்கும், பெரும்பாலும் ஆறிவிடும். லென்ஸ் வெண்மையானால் தொட்டியில் எந்தச் சொட்டு மருந்தை விட்டும் அது தெளியாது. அதற்காக மருந்து விற்பவரை நம்பாதீர்கள்.

கார்னியா மங்குவதற்குக் கீறல், அம்மோனியா ஏறிய நீர், தொற்று எனக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றைக் கண்டறிவது சுவையானது. நியூயார்க் மீன் காட்சிசாலையில் கடல் மீன்களின் தோலிலும் கண்ணிலும் ஒட்டிக்கொண்ட தட்டைப்புழு ஒன்றை மெக்காலம் என்பவர் 1927இல் விவரித்தார். அங்கே பணியாற்றிய ஐடா மெல்லன் அம்மையாரின் பெயரால் மெல்லெனி என்று அதற்குப் பெயரிட்டார். சில மில்லிமீட்டர் நீளம் இருந்தும் அது கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடல்! ஆனால் மீனை நன்னீரில் மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டால் சவ்வூடு பரவலால் நீர் புழுவின் உடலுக்குள் பாய்கிறது. புழு வெளுத்து உதிர்கிறது. மீனோ சிறிது நேரம் தாங்கிக்கொள்கிறது. நன்னீரின் வெப்பநிலையும் பி.எச். அளவும் தொட்டி நீருக்கு ஒத்திருக்க வேண்டும், குளோரின் கூடாது, மீன் தத்தளித்தால் உடனே எடுத்துவிட வேண்டும். புழுவின் முட்டைகள் தொட்டியிலேயே ஒட்டிக்கிடக்குமாதலால் ஒருமுறை குளிப்பாட்டியதோடு வேலை முடியாது. ஆனாலும் பாருங்கள், நோயைக் கண்டறிவதும் நோய் நீக்குவதும் ஒரே வாளித் தண்ணீரில் நடந்துவிட்டன.

பேதி உப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கண் வீங்கினால் 20 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 15 கிராம், போடச் சொல்வது உலகம் முழுதும் உள்ள வழக்கம். பேதி உப்பு என்பது மக்னீசியம் சல்பேட்டு. கணக்குப் போடுவோம். அந்த உப்பில் மக்னீசியம் பத்தில் ஒரு பங்கு. ஆகவே லிட்டருக்கு நாம் சேர்ப்பது சுமார் 75 மி.கி. மக்னீசியம். கடல் நீரில் ஏற்கனவே இருப்பதோ லிட்டருக்குச் சுமார் 1,280 மி.கி.! சேர்த்தது 6 விழுக்காடு. கடல் மீன் பிறந்தது முதல் இந்த நீரைக் குடித்து, மிகையான மக்னீசியத்தையும் சல்பேட்டையும் சிறுநீரகத்தின் வழியே வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. இந்த 6 விழுக்காடு வீக்கத்தை வற்றச் செய்யும் என்பதை நான் ஐயத்தோடுதான் பார்க்கிறேன். நன்னீர்த் தொட்டியில் கணக்கு வேறு. அங்கே மக்னீசியம் மிகக் குறைவு. ஆனால் குணமானதாகப் பலர் சொல்கிறார்களே? அடிபட்ட ஒற்றைக் கண் நல்ல நீரில் சில வாரங்களில் தானே வடிவது உண்டு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

பேதி உப்பால் பெரிய நன்மை இல்லாவிட்டாலும் பெரிய தீமையும் இல்லை. மஞ்சள் தூள் அப்படியன்று. அது பெரும்பாலும் டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக். கடல் நீரில் உள்ள மக்னீசியமும் கால்சியமும் இந்த மருந்தைப் பற்றிப் பிணைத்துக்கொள்கின்றன. அதனால் நீரில் போட்டதில் பெரும்பகுதி மீனுக்குள் போவதே இல்லை. ஆனால் வடிகட்டியில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றிக்கொண்டிருக்கும் நல்ல பாக்டீரியாக்களை ஆன்டிபயாடிக்குகள் தாக்கக்கூடும். அவை குறைந்தால் அம்மோனியா ஏறும். அம்மோனியா ஏறினால் எந்தக் கண்ணுக்காக மருந்து போட்டோமோ அந்தக் கண்ணே மேலும் மங்கும். அடுத்த முறை நீர் மாற்றும்போது வாளிவாளியாக அந்த நீர் சாக்கடைக்குப் போகிறது. மருந்தின் வாசனையை மட்டும் முகர்ந்து சாகாமல் தப்பிய பாக்டீரியாக்கள் அங்கே பழகிக்கொள்கின்றன. டெட்ராசைக்ளின் மனிதருக்கும் மருந்துதான் என்பதை நினைவிற்கொள்ளுங்கள். ஒரு மீனின் வீங்கிய கண்ணுக்காக, காரணமே பாராமல், அந்த மருந்தைச் சாக்கடையில் கொட்ட நமக்கு என்ன உரிமை?

'நீங்கள் அளந்துகொண்டிருப்பதற்குள் மீன் செத்துவிடும்' என்று சிலர் சொல்லலாம். எண்ணுவதற்கும், விளக்கடித்துப் பார்ப்பதற்கும், அம்மோனியாவைச் சோதிப்பதற்கும், பம்பு மூட்டுகளைத் தொட்டுப் பார்ப்பதற்கும் சேர்த்து அரை மணி நேரம் போதும். கடைக்குப் போய் வருவதற்கே அதற்கு மேல் ஆகும்! மருந்தே கூடாது என்று நான் வாதிடவில்லை. இரு கண்களும் வீங்கி, உடலில் சிவந்த கோடுகளோ புண்களோ தோன்றி, இரையெடுக்காமல் மீன் ஒதுங்கி நின்றால் அது விப்ரியோ போன்ற பாக்டீரியாவின் வேலையாக இருக்கக்கூடும். அப்போது காலம் தாழ்த்தக்கூடாது. மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, மீன் நோய் அறிந்த மருத்துவர் சொல்லும் மருந்தை, அவர் சொல்லும் அளவில், இயன்றவரை உணவோடு கலந்து கொடுக்க வேண்டும். அறிந்தவர்களுக்கு நம்மிடையே பஞ்சமில்லை. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது; தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இயங்குகிறது. ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம்.

எல்லாம் செய்தும் சில சமயம் ஒரு கண் போய்விடும். அதற்காக மீனைக் கைவிட வேண்டியதில்லை. ஒற்றைக் கண்ணோடு பல ஆண்டுகள் நன்றாக வாழும் மீன்கள் உண்டு. பக்கக்கோட்டு உணர்வால் நீரின் அசைவை அறிந்து அது பாறைகளைத் தவிர்த்து நீந்தப் பழகிவிடும். மற்ற மீன்கள் குருட்டுப் பக்கமாக வந்து சீண்டுகின்றனவா என்று சில நாள் கவனித்து, சீண்டினால் ஒரு தடுப்பு வைத்துப் பிரித்துவிடுங்கள். இரையை எப்போதும் தொட்டியின் ஒரே மூலையில், அதன் பார்வையுள்ள கண்ணின் பக்கமாகப் போடுங்கள்.